ரயில் ஓடும் சரி, ஆள் ஏறுவாங்களா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், மெல்பர்னில் குடியிருக்கும் நம் வாசகர் ஒருவர் "இவ்வளவு பணக்கார நாட்டில் சிட்னிக்கு ரயிலில் போக இன்னமும் 11 மணி நேரம் ஆகிறது" என்று நாலு வரி எழுதியிருந்தார். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் இடம் மிச்சம் இருந்ததால்தான் அதைப் போட்டோம். அந்த நாலு வரி எங்கெங்கோ போய் யார் யாரையோ கிள்ளிவிட்டிருக்கிறது. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புல்லட் ரயில். தக்காளி விலை, மகள் கல்யாணம், முழங்கால் வலி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு. வழக்கம்போல ஊர் பெயர் மட்டும்தான், ஆள் பெயர் போடுவதில்லை.

விசைத்தறி வைத்திருப்பவர், சோமனூர்: ஏனுங்க, சைனாக்காரன் 45,000 கிலோமீட்டருக்கு மேல புல்லட் ரயில் போட்டுட்டான்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியாவுக்கு என்னங்க கேடு? காசு இல்லையா, எடம் இல்லையா?

காசும் இருக்கு, இடம் அதைவிட அதிகமாகவே இருக்குங்க. வழியில் ஆள் இல்லை, அதுதான் கேடு.

அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 2.7 கோடி சுமார்தான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடிப் பேர், நிலமோ அவர்களுக்கு நம்மைப் போல அறுபது மடங்கு. ஆனால் இதை வைத்து "ஆளில்லாத நாடு, அதனால் ரயில் இல்லை" என்று முடித்துவிட்டால் தப்பு. சிட்னியிலும் மெல்பர்னிலும் தலைக்கு 50 லட்சத்துக்கு மேல் ஜனம். இரண்டுக்கும் நடுவில் பறக்கும் விமானப் பாதை உலகத்திலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று. அப்போ இரண்டு முனையிலும் கூட்டம் இருக்கு. நடுவில் சுமார் 900 கி.மீ. இருக்கே, அங்கேதான் சிக்கல். கான்பெராவை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஊரே கிடையாது, அதிலும் நாலரை லட்சம் சொச்சம் பேர்தான்.

கீழ்பவானி வாய்க்காலை நினைச்சுப் பாருங்க. 200 கி.மீ. போகுது, வழியெல்லாம் மடை, மடைக்கு மடை வயல். அதனால்தான் அவ்வளவு தூரம் வெட்டினது கட்டுபடியாச்சு. பவானிசாகரில் ஒரு வயல், கடைசியில் ஒரு வயல், நடுவில் வெறும் கரடு என்று இருந்திருந்தால் யாராவது வெட்டியிருப்பார்களா? டோக்கியோ–ஒசாகா பாதையில் ஜப்பான்காரன் 1964-ல் புல்லட் ரயில் விட்டான். 515 கி.மீ.தான், ஆனால் வழியில் யோகோஹாமா, நகோயா, கியோட்டோ என்று ஒன்றுக்கொன்று சளைக்காத ஊர்கள். மடைக்கு மடை ஆள் ஏறும், இறங்கும். ஒரே இருக்கை ஒரே ஓட்டத்தில் இரண்டு டிக்கெட் சம்பாதிக்கும்.

ஆஸ்திரேலிய அரசும் சும்மா இருக்கவில்லை. பிரிஸ்பேனிலிருந்து சிட்னி, கான்பெரா வழியாக மெல்பர்ன் வரை 1,748 கி.மீ.க்கு விரிவாக ஆய்வு நடத்தி 2013-ல் அறிக்கை வெளியிட்டார்கள். செலவு 11,400 கோடி ஆஸ்திரேலிய டாலர், அதுவும் 2012 விலைவாசியில். அந்தத் தொகையைப் பார்த்தபின் அறிக்கை எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நம்மூர் அலுவலகங்களிலும் அப்படி ஒரு பீரோ உண்டு. இப்போது 2023-ல் தனி ஆணையம் ஒன்று அமைத்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். முதலில் எதை எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? சிட்னி–மெல்பர்ன் அல்ல, பக்கத்திலேயே இருக்கிற சிட்னி–நியூகாசில். தூரத்தை விட்டுவிட்டு, ஆள் இருக்கிற இடத்தில் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அது சரியான புத்தியாகத்தான் படுகிறது.

ஆசிரியை, கோபிச்செட்டிபாளையம்: ஆளில்லாத இடத்தில் நிலம் மலிவாகக் கிடைக்குமே, நேர்கோட்டில் தண்டவாளம் போட்டுவிட்டால் செலவும் குறையுமே. பிறகு ஏன் தயங்குகிறார்கள்?

நல்ல கேள்விங்க டீச்சர். இதைத்தான் ஸ்பெயின்காரர்கள் செய்து பார்த்தார்கள்.

ஸ்பெயினில் ஜனம் 4.8 கோடி சுமார், அதில் பெரும்பகுதி மாட்ரிட்டிலும் கடலோரத்திலும். நடுநாடு காலி. அந்தக் காலி நிலத்தில் 1992-ல் மாட்ரிட்–செவில் 471 கி.மீ. பாதையைத் திறந்தார்கள். இன்று 4,000 கி.மீ. அளவில் அதிவேகப் பாதை, சீனாவுக்கு அடுத்து உலகத்தில் இரண்டாவது. நீங்கள் சொன்னது மாதிரியே, கிலோமீட்டருக்கு ஆன செலவு ஐரோப்பாவில் மற்ற நாடுகளைவிடக் குறைவு.

அப்புறம் என்ன ஆச்சு? மாட்ரிட்–பார்சிலோனா, 621 கி.மீ., 2008-ல் முழுசாகத் திறந்தார்கள், இரண்டரை மணி நேரத்தில் போகிறது. விமானத்தில் பறந்துகொண்டிருந்த கூட்டத்தில் பெரும்பகுதி ரயிலுக்கு மாறிவிட்டது. பின்னாளில் போட்டிக் கம்பெனிகளும் அதே தண்டவாளத்தில் ரயில் விட ஆரம்பித்தன, கட்டணம் இறங்கியது. அதே நாட்டில், டொலேடோவிலிருந்து குவென்கா, அல்பாசெத்தே ஊர்களுக்கு நேராக ஒரு அதிவேக ரயில் விட்டார்கள். நாளுக்குச் சராசரியாக ஏறியவர்கள் 9 பேர். ஒன்பதாயிரம் இல்லை, ஒன்பது. நம்மூர் மினிபஸ்காரர் கூட அந்த வசூலுக்கு வண்டி எடுக்க மாட்டார். சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு 2011-ல் நிறுத்திவிட்டார்கள். இரண்டுமே அதே நாடு, அதே மாதிரித் தண்டவாளம், அதே மலிவு நிலம்.

இன்னொன்று. நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே ஸ்டேஷன் கட்டுவது. குவாதலஹாரா என்ற ஊருக்கு அதிவேக ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி வெறும் காட்டில் இருக்கிறது, பக்கத்தில் புது நகரம் வரும் என்ற நம்பிக்கையில் கட்டினார்கள். இந்த நம்பிக்கை எனக்குப் பழக்கமானதுதான். கொங்கில் ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டு போனார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி பத்தரைக்கு அங்கே இறங்கினேன். எழுபது கி.மீ. வந்ததற்கு பஸ்ஸுக்குக் கொடுத்ததைவிட, மண்டபத்துக்கு ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம். மிச்சம் பிடித்த நேரமும் அங்கேயே போச்சு.

ஆள் இல்லாத இடத்துக்கும் ஒரு அரசாங்கம் வேணும் என்றே போடுவதும் உண்டு. சீனாவில் லான்சோவிலிருந்து உரும்சிக்கு 1,776 கி.மீ., 2014 கடைசியில் திறந்தார்கள். கோபி பாலைவனத்தின் ஓரமாகப் போகிறது (உங்க கோபி இல்லைங்க). அங்கே அடிக்கிற காற்றுக்கு முன்னால் நம்ம பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று குழந்தை. ரயிலைக் காப்பாற்ற நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் காற்றுத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. டிக்கெட் வசூலை நம்பிப் போட்ட பாதை இல்லை அது. எல்லைப் பகுதியை நாட்டோடு இறுக்கிக் கட்டவும், பழைய பாதையைச் சரக்குக்குக் காலி செய்து கொடுக்கவும் போட்டது. அந்தக் கணக்கை அரசியல் என்ற தலைப்பில்தான் எழுத வேண்டும். மொத்தத்தில் சீன ரயில்வேயின் கடன் 6 லட்சம் கோடி யுவான் அளவுக்கு நிற்கிறது, அதையும் சேர்த்துத்தான் அந்த 45,000 கி.மீ.யைப் பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனிக் கணக்காளர், திருப்பூர்: மும்பை–அகமதாபாத் 508 கி.மீ. கோவை–சென்னையும் 500 கி.மீ. தான். அவர்களுக்கு ஜப்பான் 0.1 சதவீத வட்டியில் கடன் கொடுக்கிறதாம். அதே கடனை நமக்கும் வாங்கிப் போட்டால் என்ன?

கணக்காளரிடம் கணக்குப் போட்டே பேசிவிடுவோம். பேனா எடுத்துக்குங்க.

மும்பை–அகமதாபாத்தின் ஆரம்ப மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 200 கோடிக்குக் கொஞ்சம் மேலே. 2017-ல் அடிக்கல் நாட்டியபோது சொன்ன தொகை இது. நம் பாதைக்கும் பேச்சுக்கு ஒரு லட்சம் கோடி என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் கடன், நாளைக்கு 20,000 பேர் பயணம் என்றும் வையுங்கள். இந்த இருபதாயிரம் என்பது நான் கணக்குக்காகப் போட்ட எண், சர்வே இல்லை.

நம்மூர் வங்கிக் கடன் மாதிரி 7 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 7,000 கோடி. நாளைக்கு 19 கோடி சொச்சம். இருபதாயிரம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 9,600 ரூபாய், வெறும் வட்டி மட்டும். அசல், கரண்ட், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இதற்கு மேலே. அந்தக் காசுக்கு விமானத்தில் போய்விட்டு மிச்சத்தில் ஒரு பட்டுச்சேலையும் எடுத்து வரலாம். அதையே 0.1 சதவீதம் என்று மாற்றுங்கள், வருஷத்துக்கு 100 கோடி, தலைக்கு 137 ரூபாய். ஒரே ரயில், ஒரே தண்டவாளம், வட்டி மட்டும்தான் மாறியது.

அதனால்தான் அந்த ஜப்பான் கடனைப் பற்றி அவ்வளவு பேச்சு. 50 வருஷத் தவணை, முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டியதில்லை. மாமனார்கூட இந்த மாதிரிக் கொடுக்க மாட்டார். ஆனால் கடன் யென்னில், சம்பாதிப்பது ரூபாயில். டாலரில் ஆர்டர் எடுத்து ரூபாயில் கூலி கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அதோடு அந்தக் கடன் சும்மா வருவதில்லை. ரயிலும் தொழில்நுட்பமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு வருவது. எல்லாப் பாதைக்கும் ஒருத்தர் அப்படிக் கொடுத்துக்கொண்டே இருப்பாரா?

சரி, வட்டியைக் குறைக்க முடியாவிட்டால் ஆளைக் கூட்டலாம். நாளைக்கு ஒரு லட்சம் பேர் ஏறினால் அந்த 9,600 என்பது 1,920 ஆகிவிடும். மேலே சோமனூர்க்காரருக்கு இது பாலபாடம். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேங்க் தவணை நிற்காது, அதனால் இரண்டு ஷிப்டும் ஓட்டினால்தான் மீட்டருக்கு அடக்கம் இறங்கும். டோக்கியோ–ஒசாகா பாதையில் ஒரு வண்டியில் 1,300 இருக்கைக்கு மேல், நாளைக்கு 300 வண்டிக்கு மேல். கொரோனாவுக்கு முன்னால் நாளொன்றுக்கு நாலரை லட்சம் பேருக்கு மேல் போய்க்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கூட்டம் இருந்த அந்தப் பாதைக்கே கட்டும்போது செலவு கிட்டத்தட்ட இருமடங்காகி, உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடனும் வாங்கி, ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக இருந்த ஷிஞ்சி சோகோ 1963-ல் பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ரயில் ஓடத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு!

கலிபோர்னியாவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2008-ல் மக்களிடம் ஓட்டு வாங்கித் தொடங்கினார்கள், அப்போது 3,300 கோடி டாலர் என்றார்கள், இப்போது 10,000 கோடியைத் தாண்டிவிட்டது. வேலை முதலில் தொடங்கியது சான்பிரான்சிஸ்கோவிலும் இல்லை, லாஸ்ஏஞ்சலிஸிலும் இல்லை, நடுவில் இருக்கிற விவசாயச் சமவெளியில். இடம் வாங்குவது சுலபம் என்று நினைத்தார்கள் போல. அங்கேயும் வழக்கும் வம்பும்தான்.

கல்லூரி மாணவர், உடுமலை: வந்தே பாரத் 180 கி.மீ. வேகம் போகும் என்கிறார்கள். கோவை–சென்னைக்கு அது ஏன் ஆறு மணி நேரம் கிட்ட எடுக்குது சார்?

வண்டி போகும் தம்பி, தண்டவாளம் விட வேண்டுமே. நம் பாதையில் 130-க்கு மேல் விடுவதில்லை. வளைவு இருக்கு, நடுவில் நின்று போக வேண்டியிருக்கு, முன்னால் ஒரு சரக்கு வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து சராசரி 85 கி.மீ.க்கு வந்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் இந்த வண்டி வந்தபோது எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள், நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். அது பழைய தண்டவாளம்தான்.

இப்போ ஒரு கணக்கு. 500 கி.மீ.க்கு சராசரி 85 என்றால் 5 மணி 53 நிமிஷம். சராசரியை 125-க்கு ஏற்றினால் 4 மணி. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம். இனி 250-லிருந்து 320-க்கு ஏற்றிப் பார், இரண்டு மணி நேரப் பயணம் ஒரு மணி 34 நிமிஷம் ஆகும். மிச்சம் 26 நிமிஷம்தான். ஆனால் அந்த 26 நிமிஷத்துக்குக் காற்றின் எதிர்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். சைக்கிளில் எதிர்காற்றில் பல்லடம் ரோட்டில் மிதித்தவனுக்கு இது பாடமே வேண்டாம். உங்க ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலை எதற்கு நிற்குது என்று நினைக்கிறாய்?

வளைவும் அப்படித்தான். 300-க்கு மேல் போகிற ரயில் திரும்ப வேண்டுமானால் நாலிலிருந்து ஏழு கி.மீ. ஆரம் உள்ள வளைவு வேண்டும். ஒரு தோப்பையோ கோயிலையோ சுற்றிக்கொண்டு போகிற பேச்சே இல்லை, நேராகக் குறுக்கே போயாக வேண்டும். பிரேக் போட்டால் நிற்கவே மூணு நாலு கி.மீ. ஆகும், அதனால் ரயில்வே கேட் என்று ஒன்று இருக்கவே கூடாது, முழுப் பாதைக்கும் வேலி. நம்மூர் பக்கம் கரண்ட் கோபுரத்துக்கே நிலம் கேட்டால் என்ன நடந்தது என்று நாம் பார்த்திருக்கிறோம்.

நீ இன்ஜினியரிங் படிக்கிறாய் என்றால் புல்லட் ரயிலைவிட, இருக்கிற பாதையில் எந்த எந்த இடத்தில் வண்டி வேகம் குறைக்கிறது, ஏன் குறைக்கிறது என்று ஒரு ப்ராஜெக்ட் பண்ணு.

ஓய்வு பெற்றவர், சிங்காநல்லூர்: முப்பது வருஷமாக சேரன் எக்ஸ்பிரஸ்ஸில் ராத்திரி படுத்து, காலையில் சென்ட்ரலில் எழுந்திருக்கிறேன். எனக்கு எதற்கு புல்லட்?

உங்களுக்கு வேண்டாங்க. தூங்கிக்கொண்டே போகிறவருக்கு எட்டு மணி நேரமும் ஒன்றுதான், மூணு மணி நேரமும் ஒன்றுதான். மூணு மணி நேரம் என்றால் இன்னும் மோசம், ராத்திரி ஒண்ணரைக்கு இறக்கிவிடுவான்.

அதிவேக ரயில் ஜெயிப்பது ஒரு சின்ன இடைவெளியில்தான். பயணம் இரண்டு, மூணு மணி நேரத்துக்குள் முடிந்தால் விமானத்தை அடித்துவிடும். நாலு மணிக்கு மேல் போனால் ஜனம் மறுபடி ஏர்போர்ட்டுக்குப் போய்விடும். தூரத்தில் சொன்னால் 200 கி.மீ.க்குக் கீழே கார், 800-க்கு மேலே விமானம், நடுவில் இருப்பதுதான் இதன் வயல். கோவை–சென்னை அந்த வயலுக்குள் வருகிறது, நான் மறுக்கவில்லை. பீளமேட்டில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்கி பாரிமுனைக்குப் போய்ச் சேரும்போது வாசலிலிருந்து வாசலுக்கு நாலு மணி நேரம் ஆகிவிடும், இரண்டரை மணி ரயில் அதை ஜெயிக்கும். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டிய ஆள் நாளைக்கு எத்தனை பேர்? ராத்திரிப் படுக்கைக்கு முந்நூறு சொச்சம் ரூபாய் கொடுத்துப் போகிற கூட்டம் அதில் சேராது. அவர்களுக்கு இன்னொரு ராத்திரி ரயில் விட்டாலே போதும், வெயிட்டிங் லிஸ்ட் தானே சொல்கிறதே.

விவசாயி, தாராபுரம்: எங்க ஊருக்கு சாதா ரயிலே இன்னும் வரலை. நீங்க பாட்டுக்கு புல்லட் ரயில் கேள்விக்கெல்லாம் பதில் எழுதிட்டு இருக்கீங்க!

கோபம் நியாயம்தாங்க. ஈரோட்டிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்கு 90 சொச்சம் கி.மீ. பாதை, பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பேப்பரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பேப்பரில் ஓடுகிற ரயிலில் ஒரு வசதி, லேட் ஆகாது. நாமக்கல்லும் இப்படித்தான் காத்துக் கிடந்தது. லாரிக்கும் முட்டைக்கும் நாடெல்லாம் பேர்போன ஊர், அதுக்கு 2013-ல் சேலம்–கரூர் பாதை திறந்தபோதுதான் ரயில் வந்தது.

உங்க ஊர் விஷயத்தில் ஒரு நல்ல சங்கதி சொல்கிறேன். சவூதியில் மக்காவுக்கும் மதீனாவுக்கும் நடுவே 450 கி.மீ., வழி பூராவும் பாலைவனம்தான், கூடப்போனால் ஜித்தா. அங்கே 2018-லிருந்து 300 கி.மீ. வேகத்தில் ரயில் ஓடுகிறது. சும்மாவா? இரண்டு முனையிலும் யாத்திரைக் கூட்டம், வருஷம் தவறாமல் வரும். காலி நிலத்தில் ரயில் ஓடுவதற்கு இப்படி ஒரு காரணம் வேண்டும். பழனிக்கு அந்தக் காரணம் இருக்கிறது, தைப்பூசம் பங்குனி உத்திரம் என்று. காவடி எடுத்து நடந்து போகிறவர் எப்படியும் நடந்துதான் போவார், திரும்பி வரும்போது ஏறுவார் இல்லையா? அதுக்கு 300 கி.மீ. வேகம் வேண்டாம், 100 போதும். ஒரு அதிவேகப் பாதையின் பத்து கி.மீ. காசில் உங்க பாதையின் பெரும்பகுதி முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி: புல்லட் ரயிலில் இளநீர் லோடு ஏத்த முடியுமா?

முடியாதுங்க. அந்தத் தண்டவாளம் லேசான வண்டிக்குப் போட்டது, அச்சுக்கு 17 டன் அளவில் இருக்கும். நம் சரக்கு வேகன் 22 டன்னுக்கு மேலே. பார்சல் வேணும்னா கொஞ்சம் போகும், மருந்து மாத்திரை மாதிரி. ஆனால் பயணிகள் எல்லாம் புதுப் பாதைக்குப் போய்விட்டால் பழைய பாதை உங்களுக்குக் காலியாகும், லாபம் அந்த வழியில்தான்.

இல்லத்தரசி, அவிநாசி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலுக்கு மூணு தடவை முயற்சி செய்தும் டிக்கெட் கிடைக்கவில்லை. நாட்டிலேயே மெதுவான ரயிலுக்கு இவ்வளவு போட்டியா?

46 கி.மீ.க்கு ஏறும்போது கிட்டத்தட்ட 5 மணி நேரம், பஸ்ஸில் போனால் அதில் பாதி கூட ஆகாது. பல்சக்கரம் பிடித்து ஏறுகிற வண்டி, 1908-ல் ஊட்டியைத் தொட்டது, இன்றும் இடம் கிடைப்பதில்லை. வேகத்துக்கு மட்டும்தான் ஜனம் காசு கொடுக்கும் என்று அறிக்கை எழுதுகிறவர்களை ஒரு தடவை கல்லாறில் கொண்டு போய் இறக்கிவிட வேண்டும். அம்மணி, சனி ஞாயிறை விட்டுவிட்டு ஜூலை, ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பாருங்க. மழையில் பாதையில் மண் சரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

சிறுதொழில் செய்பவர், பெருந்துறை: எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னு சொன்னா எப்படிங்க? கொங்குக்கு எதுதான் வேணும்னு சொல்லுங்க.

சரி, மாட்டிக்கொண்டேன்.

மாநில அரசு 2025-26 பட்ஜெட்டில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கி.மீ.க்கு மித அதிவேக மண்டல ரயில், 160 கி.மீ. வேகத்தில், ஆய்வு செய்யப் போவதாக அறிவித்தது. டெல்லி–மீரட் நடுவே 82 கி.மீ.க்குப் போட்டார்களே நமோ பாரத், அந்த ஜாதி. எனக்கு இது பிடித்திருக்கிறது. கொங்கின் லட்சணமே அதுதான், சென்னை மாதிரி ஒரே தலை கிடையாது, ஐம்பது கி.மீ.க்கு ஒரு ஊர், ஒவ்வொன்றும் ஒரு தொழில். ஈரோட்டில் மஞ்சளும் ஜவுளியும், திருப்பூரில் பனியன், கோவையில் மோட்டாரும் மில்லும். இதைத்தான் முதல் பதிலில் மடைக்கு மடை என்று சொன்னேன். ஆஸ்திரேலியாவில் இல்லாதது நம்மிடம் இருக்கிறது.

ஐம்பது கி.மீ.க்கு ஒரு தடவை நிற்கிற வண்டிக்கு 320 வேகம் வீண். முழு வேகத்தைப் பிடிக்கவே பத்துப் பதினைந்து கி.மீ. ஓட வேண்டும், பிடித்த கையோடு பிரேக். 160 போதும், சொல்லப்போனால் 130 கூடப் போதும், ஆனால் கால் மணிக்கு ஒரு வண்டி வேண்டும். திருப்பூரில் வேலை செய்கிறவருக்கு ஈரோட்டில் வீடு என்றால், ரயில் 25 நிமிஷத்தில் போகிறதா 35 நிமிஷத்தில் போகிறதா என்பது பெரிசில்லை. ஏழேகாலைத் தவற விட்டால் ஏழரைக்கு இன்னொன்று உண்டா என்பதுதான் கேள்வி. பஸ் ஏன் ஜெயிக்கிறது? போய் நின்றால் வருகிறது.

ஆனால் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. நீங்கள் பெருந்துறை, உங்களுக்கே தெரியும், உங்க ஊர் பெயரில் ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது, ஊரிலிருந்து அங்கே போக ஒரு வண்டி பிடிக்க வேண்டும். நம் கம்பெனிகள் ஊர் நடுவில் இல்லை, சிப்காட், பைபாஸ், தோட்டத்து ஓரம் என்று சிதறிக் கிடக்கின்றன. புது ஸ்டேஷனில் இறங்கினவரைக் கம்பெனி வாசலில் விட டவுன் பஸ் இல்லாவிட்டால் அவர் மறுநாள் பைக்கை எடுத்துக்கொள்வார். ஸ்டேஷன் எந்த இடத்தில் வரப்போகிறது என்று யாராவது வரைபடம் காட்டினால், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாசலில் பஸ் நிற்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்க. யார் வீட்டு நிலம் பக்கத்தில் இருக்கிறது என்றும் பாருங்க, அது வேறு கதை.

ஏழாம் வகுப்பு, சென்னிமலை: புல்லட் ரயிலில் ஜன்னலைத் திறக்க முடியுமா?

முடியாது கண்ணு. அந்த வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழையும்போது காற்றழுத்தம் காதில் அடிக்கும், அதனால் பெட்டியை இறுக்கமாக அடைத்துத்தான் செய்வார்கள். ஸ்டேஷனில் நின்றாலும் ஜன்னல் வழியாக எதுவும் வாங்க முடியாது, நிற்பதே ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம்தான். ஜப்பானில் அதற்கென்றே ஸ்டேஷனில் ஊருக்கு ஊர் விதவிதமாகச் சோற்றுப் பெட்டி கட்டி விற்பார்கள், ஏறுவதற்கு முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஈங்கூரில் நிற்கிற பாசஞ்சரில் ஜன்னல் திறக்கும். லீவில் அப்பாவைக் கூட்டிப் போகச் சொல்லு, கம்பிக்கு வெளியே கை நீட்டாதே.